ஆர்.வி. பயணத்திற்கு இரவு முகாம் தேடுவது: தக்கலையிலிருந்து ஒரு கேள்வி

தக்கலைவாசி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். என் மகன் கலிபோர்னியாவில் சான் ஓசே நகரில் வேலை பார்க்கிறான். வருகிற ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேரும் சேர்ந்து ஓர் ஆர்.வி. வண்டியை, அதாவது படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் சுற்றுவதாகத் திட்டம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை முன்னோக்கி நீண்டிருக்கும் 'கிளாஸ் சி' வகை வண்டியாம். நீளம் 25 அடி. யோசெமிட்டி, ஸயன், கிராண்ட் கேன்யன் என்று மூன்று தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிட வேண்டும் என்று மகன் வரைபடத்தில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறான். சில நாட்களில் 400 மைல் ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒவ்வோர் இரவும் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டால், "அங்கங்கே முகாம்கள் நிறைய உண்டு அப்பா, கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறான். வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும்போதுகூட அறை உறுதியாகாமல் வீட்டுக் கதவைப் பூட்டாத குடும்பம் எங்களுடையது. அதனால் மனம் ஒப்பவில்லை. என் மனைவிக்கு முழங்கால் வலி வேறு உண்டு. இரவில் கழிப்பறைக்கு அலைய வைக்க முடியாது. இந்த முகாம்களை எங்கே தேடுவது, நம் வண்டி அந்த இடத்துக்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது, எவ்வளவு முன்பாகப் பதிவு செய்ய வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முட்டம் கரை எழுதியது:

அண்ணாச்சி, நான் அரிசோனாவில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். உங்கள் சந்தேகம் முற்றிலும் சரியானது. மகனிடம் முதலில் அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லுங்கள். ஆர்.வி. பயணத்தில் இரவு நிற்கும் இடங்களை முதலில் பிடித்து, அவற்றை இணைத்துத்தான் பகல் பாதையை வரைய வேண்டும். கார் பயணத்தில் வழியில் கண்ட விடுதியில் நுழைந்துவிடலாம். 25 அடி வண்டியோடு ஜூன் மாதத்தில், பள்ளி விடுமுறைக் காலத்தில், அந்த மூன்று பூங்காக்களின் வாசலுக்குப் போய் இடம் கேட்டால் கிடைக்காது.

தேடுவதற்கு மூன்று வாயில்கள் உண்டு. தேசியப் பூங்காக்கள், தேசிய வனங்கள் ஆகியவற்றுக்குள் இருக்கும் அரசு முகாம்களில் பெரும்பாலானவை ரெக்ரியேஷன்.கவ் என்ற ஒரே தளத்தில் பதிவாகின்றன. மாநிலப் பூங்காக்களுக்கு அந்தந்த மாநிலமே தளம் வைத்திருக்கிறது. கலிபோர்னியாவுக்கு ரிசர்வ் கலிபோர்னியா. மூன்றாவது, தனியார் முகாம்கள். அவற்றில் கே.ஓ.ஏ. 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊரில் தொடங்கிய பழைய நிறுவனம். பூங்காக்களுக்கு வெளியே பல ஊர்களில் அதற்கு இடங்கள் உண்டு. அரசு முகாமில் மரமும் நிலவும் கிடைக்கும், வசதி குறைவு. தனியார் முகாமில் வண்டிகள் அடுத்தடுத்து நெருக்கமாக நிற்கும். ஆனால் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் நிற்கும் இடத்துக்கே வரும். இப்படி வண்டிக்குத் தரும் இணைப்புக்கு 'ஹூக்கப்' என்று பெயர். மூன்றும் இருந்தால் அதை 'ஃபுல் ஹூக்கப்', அதாவது முழு ஹூக்கப், என்பார்கள். தேடும்போது இந்தச் சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் இருக்கும் முகாம்கள் எதிலும் ஹூக்கப் கிடையாது. கிராண்ட் கேன்யனின் தென்கரையில் இரண்டு முகாம்கள் அருகருகே இருக்கின்றன: மேத்தர் முகாமில் ஹூக்கப் இல்லை, 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடமும் இல்லை, டிரெய்லர் வில்லேஜில் முழு ஹூக்கப் உண்டு. பின்னதை ஓர் ஒப்பந்த நிறுவனம் நடத்துவதால் அதற்குத் தனித் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இதை அறியாதவர்கள் அரசுத் தளத்தில் மட்டும் தேடிவிட்டு, இடமே இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ஸயனில் வாட்ச்மேன் முகாமின் ஒரு பகுதியில் மின்சாரம் மட்டும் உண்டு.

இனி நாள் கணக்கு. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் பைன்ஸ் முகாம்களுக்கு, ஒரு மாதத்துக்கான இடங்களை நான்கைந்து மாதத்துக்கு முன்பு, 15-ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு மொத்தமாகத் திறக்கிறார்கள். ஜூன் 15 முதல் ஜூலை 14 வரையிலான இரவுகள் பிப்ரவரி 15 அன்று திறக்கும். அப்போது நமக்கு இரவு 8.30 மணி. சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துவிடும். மகன் அங்கே காலையில் கணினி முன் உட்காரட்டும். நீங்கள் தக்கலையில் வேறொரு கணக்கில் உட்காருங்கள். கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம், ரத்தாகும் இடங்கள் அவ்வப்போது திரும்ப வந்துகொண்டே இருக்கும். தினமும் ஒரு முறை பார்ப்பவருக்குக் கிடைக்கிறது.

வண்டி பொருந்துமா என்பதற்கு என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் முதல் பயணத்தில் ஓர் ஏரிக்கரை முகாமின் படத்தைப் பார்த்து மயங்கி இடம் பதிந்துவிட்டேன். எங்கள் வண்டி 28 அடி. இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து பின்பக்கமாக ஏற்றினால், வண்டியின் மூக்கு ஆறடி தூரம் முகாம் சாலையை மறித்துக்கொண்டு நின்றது. அந்த இடத்துக்கு அனுமதிக்கப்பட்ட நீளம் 22 அடி என்று பதிவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது; நான் படிக்கவில்லை. காவலர் மரியாதையாகவே வெளியேறச் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளோடு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, ஒரு லாரி நிறுத்தத்தில் என்ஜின்களின் இரைச்சலுக்கு நடுவே அந்த இரவைக் கழித்தோம். ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக அதிகபட்ச நீளம் எழுதியிருக்கும். முகாமின் பொது விவரத்தைப் பார்த்தால் போதாது, அந்த இடத்தின் எண்ணைத் தொட்டுத் திறந்து படிக்க வேண்டும்.

400 மைல் என்பது அந்த வண்டிக்கு ஒரு முழுப் பகல். அங்கே ஆர்.வி. ஓட்டுபவர்கள் மூன்று மூன்றாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் மூன்று மணிக்குள் சேர்ந்துவிடு, ஓரிடத்தில் மூன்று இரவு தங்கு. பத்து நாளில் மூன்றாவது முடியாது. முதல் இரண்டையும் விடாதீர்கள்.

மார்த்தாண்டம் வேன் எழுதியது:

நான் அமெரிக்கா போனதில்லை. பதினெட்டு ஆண்டுகளாக டெம்போ டிராவலர் ஓட்டுகிறேன். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பசாமிமார்களை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் சமைக்கவும் படுக்கவும் இடம் பார்த்து நிறுத்துவது என் வேலை. முட்டம் அண்ணன் சொன்ன மூன்று மணிக் கணக்கைப் படித்ததும், நாங்கள் அனுபவத்தில் கண்டதும் இதுதான் என்று தோன்றியது. இறங்கி மண்ணைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். இருட்டில் எல்லா இடமும் சமமாகத்தான் தெரியும்; விடிந்து பார்த்தால் பின்சக்கரம் சானல் கரையில் நிற்கும்.

நீளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறீர்கள், உயரத்தை மறந்துவிடாதீர்கள். திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டு முற்றத்துக்கு வண்டியைப் பின்னால் எடுத்தபோது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தும், மேலே தாழ்ந்து நின்ற அயனிக் கொம்பு ஏ.சி. மூடியைக் கிழித்துவிட்டது. கண்ணாடியில் பக்கம் தெரியும், மேல் தெரியாது. நீங்கள் சொல்லும் வண்டி என் வண்டியைவிட உயரம். ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று, மேலேயும் பார்த்துக் கை காட்ட வேண்டும். ஓட்டுபவர் கண்ணாடியில் அவரைப் பார்க்க முடியாத நொடியில் நிறுத்திவிட வேண்டும். பின்னால் எடுக்கவே தேவையில்லாத இடங்கள் உண்டா, அண்ணன்?

முட்டம் கரை எழுதியது:

உண்டு தம்பி. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும் இடத்துக்கு 'புல் த்ரூ' என்று பெயர். பின்பக்கமாக ஏற்றுவது 'பேக் இன்'. முதல் முறை ஓட்டுபவர்களுக்கு, குறைந்தது முதல் இரவுக்காவது புல் த்ரூ தேடச் சொல்வேன்.

உயரம், அகலம் பற்றி நீ சொன்னது ஸயனுக்கு மிகவும் பொருந்தும். பூங்காவின் நடுவே 1930-இல் திறந்த ஒரு மலைச் சுரங்கம் இருக்கிறது. அகலம் 7 அடி 10 அங்குலத்தையோ உயரம் 11 அடி 4 அங்குலத்தையோ எட்டும் வண்டிக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு. கிளாஸ் சி வண்டிகள் பெரும்பாலும் 8 அடிக்கு மேல் அகலமானவை. வாட்ச்மேன் முகாம் சுரங்கத்துக்கு மேற்கே இருப்பதால் லாஸ் வேகாஸ் வழியாக வருபவர்களுக்குச் சிக்கல் இல்லை. அங்கிருந்து கிழக்கே கிராண்ட் கேன்யனுக்குக் குறுக்கு வழி பார்க்கும்போதுதான் சுரங்கம் குறுக்கிடும். தக்கலை அண்ணாச்சி, வாடகை நிறுவனத்திடம் வண்டியின் வெளி அளவுகளை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பயணத் தேதியில் நடப்பில் இருக்கும் விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்த பிறகே அந்த இரவின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

தக்கலைவாசி எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகனுக்கு இந்த இழையை அனுப்பினேன். படித்துவிட்டுத் தொலைபேசியில் நெடுநேரம் பேசினான். இப்போது அவனே பிப்ரவரி 15-ஐ நாட்காட்டியில் குறித்திருக்கிறான். என் மனைவி கேட்கும் கேள்வி வேறு. யோசெமிட்டியில் ஹூக்கப் இல்லை என்றால் இரண்டு நாளுக்கு ஆறு பேருக்குத் தண்ணீர் எப்படிப் போதும், கழிவு எங்கே போகும், சமையல் எப்படி என்று கேட்கிறாள்.

வேளிமலை அக்கா எழுதியது:

தம்பி, உங்கள் மனைவி கேட்டிருப்பதுதான் முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி. நான் மகள் குடும்பத்தோடு இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறேன்.

நாங்கள் எடுத்த வண்டியில் நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். நம் வீட்டில் குளியலறையில் நிற்கும் ஒரு டிரம்மைவிடக் குறைவு. வண்டிக்குள் குளித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். எனவே ஹூக்கப் இல்லாத முகாமில் இரண்டு இரவுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு அடுத்த இரவை முழு ஹூக்கப் உள்ள இடத்தில் வையுங்கள். ஒரு நாள் சிக்கனம், ஒரு நாள் தாராளம் என்று மாற்றி மாற்றி இடம் பிடிப்பதுதான் நாங்கள் கண்ட வழி. வண்டிக்குள்ளேயே கழிப்பறை இருப்பதால் முழங்கால் வலிக்காரருக்கு இரவில் அலைச்சல் இல்லை. படிகள் மட்டும் உயரம். ஒரு சிறிய முக்காலி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவுக்குத் தொட்டி இரண்டு. கழிப்பறை நீர் போவது பிளாக் டேங்க். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் போவது கிரே டேங்க். முகாமிலோ அருகிலோ 'டம்ப் ஸ்டேஷன்' இருக்கிறதா என்று பதிவுப் பக்கத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே வண்டியை நிறுத்தி, கையுறை போட்டுக்கொண்டு, வண்டியின் அடிப்பக்க வாய்க்கும் தரையிலுள்ள துளைக்கும் இடையே தடித்த குழாயைப் பூட்டி, முதலில் பிளாக் டேங்கின் பிடியை இழுக்க வேண்டும். முழங்கை போல் வளைந்த இணைப்பு, உள்ளே தெரியும்படி கண்ணாடி போல இருக்கும். அதில் ஓட்டம் நின்றதும் பிடியை அடைத்துவிட்டு, அடுத்து கிரே டேங்கைத் திறக்க வேண்டும். சோப்பு நீர் வந்து குழாயைத் தானே கழுவிவிடும். வரிசை மாறினால் குழாயில் அழுக்குத் தங்கும். இன்னொன்று: முழு ஹூக்கப் இடத்தில் குழாய் பூட்டியே இருக்கிறது என்று பிளாக் டேங்கைத் திறந்தே வைத்துவிடக் கூடாது. நீர் மட்டும் ஓடிப்போய்க் கெட்டியானது உள்ளே தங்கிவிடும். முக்கால் பங்கு நிறையும் வரை அடைத்து வைத்து, பிறகு ஒரேயடியாகத் திறக்க வேண்டும். என் மருமகன் இதை அறியாமல் முதல் பயணத்தில் ஒரு பகல் முழுவதும் பாடுபட்டார்.

சமையலுக்கு அடுப்பு எரிவாயுவில்தான் எரியும், குக்கர் கொண்டுபோகலாம். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுபோகாதீர்கள், அங்கே 120 வோல்ட், நம் மிக்ஸி ஓடாது. மாவை மகன் வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். முகாம்களில் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு வகை இணைப்பு உண்டு. உங்கள் அளவு வண்டிக்குப் பெரும்பாலும் 30 தான். மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவைப் போட்டால் விசை விழுந்துவிடும். ஹூக்கப் இல்லாத யோசெமிட்டியில் ஜெனரேட்டரைக் காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஓட்டலாம்.

கருவாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்கள் பெட்டியில் வைக்காமல் வரமாட்டார்கள். யோசெமிட்டியில் கரடிகள் வாசனை பிடித்து வரும். உணவை வெளியே மேசையில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் அதற்கென்று இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கருவாடு வறுக்கும் ஆசையை அந்த இரண்டு நாள் அடக்கிக்கொள்ளுங்கள்.

கீரிப்பாறை எழுதியது:

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு முன்பதிவும் நெருக்கடியும் தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே மத்திய அரசின் பி.எல்.எம். என்ற நில மேலாண்மைத் துறையின் நிலங்களில் கட்டணமே இல்லாமல் எங்கும் நிறுத்தலாம் என்றும், வால்மார்ட் கடை வாசலில் இரவு தங்கலாம் என்றும் படித்திருக்கிறேன். நினைத்த இடத்தில் நிற்பதற்குத்தானே இந்த வண்டி?

முட்டம் கரை எழுதியது:

நீ படித்தது பொய்யில்லை தம்பி, ஆனால் பாதிதான். பி.எல்.எம். நிலங்களில் பல பகுதிகளில் 28 நாளுக்குள் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். நானே அரிசோனாவில் அப்படித் தங்கி, நட்சத்திரம் பார்த்த இரவுகளை இன்றும் மறக்கவில்லை. அங்கே தண்ணீர் இல்லை, கழிவுத் துளை இல்லை, பல இடங்களில் தொலைபேசி அலையும் இல்லை. கடைசி ஒரு மைல் மண் பாதையாக இருக்கும். அதில் ஓட்டக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருக்கிறது. ஜூன் மாதத்துப் பாலைவனத்தில் ஏ.சி. இல்லாமல் குழந்தைகளையும் முதியவர்களையும் படுக்க வைக்க முடியாது. வால்மார்ட்டில் ஒவ்வொரு கடையின் மேலாளரும் தனித்தனியாக முடிவு செய்கிறார். ஊராட்சி விதி தடுத்தால் அவராலும் அனுமதிக்க முடியாது. மாலையில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, இரவு படுத்து, காலையில் கிளம்ப அது உதவும். நான்கு நண்பர்கள் போனால் உன் வழியில் போகலாம். அண்ணாச்சி குடும்பத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

மார்த்தாண்டம் வேன் எழுதியது:

ஒரு யோசனை. நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட முகாம் எதுவும் நான் பார்த்ததில்லை. கேரளாவில் 2021-இல் காரவன் திட்டம் அறிவித்து, வாகமண்ணில் நிறுத்துமிடம் ஒன்று திறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மகன் ஊருக்கு வரும்போது என் வண்டியை எடுத்துக்கொண்டு, உறவினர் யாருடைய தென்னை விளையிலாவது, தண்ணீர்க் குழாய் பக்கத்தில், ஒரே ஓர் இரவு ஆறு பேரும் படுத்துப் பாருங்கள். எத்தனை பை கொண்டுபோக வேண்டும், யாருக்குக் குறட்டை, எந்தச் சரிவில் தலை கீழாகப் போகிறது என்று எல்லாம் அன்றே தெரிந்துவிடும். இடவப்பாதி மழைக்கு முன்பு செய்யுங்கள்; செம்மண் விளையில் மழைக்குப் பிறகு சக்கரம் புதைந்துவிடும்.

வேளிமலை அக்கா எழுதியது:

சரிவு பற்றித் தம்பி சொன்னது பெரிய விஷயம். பழைய வகைக் குளிர்பெட்டிகள் வண்டி சமமாக நிற்காவிட்டால் சரியாகக் குளிர்வதில்லை. வாடகை வண்டியோடு மஞ்சள் நிறக் கட்டைகள் தருவார்கள். தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை அவற்றின் மேல் ஏற்ற வேண்டும். மேசையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து விளிம்பைப் பார்ப்பேன் நான். முகாமைப் பற்றி முன்பு தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளில், 'சமமான இடம்' என்ற சொல் வருகிறதா என்று தேடிப் படியுங்கள்.

கீரிப்பாறை எழுதியது:

வேன் அண்ணன் சொன்ன ஒத்திகைக்கு எங்கள் பக்கம் வருவதாக இருந்தால் ஒரு வார்த்தை. கீரிப்பாறை, காளிகேசம் பகுதிக் காடுகள் 2008 முதல் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவு நிறுத்த முடியாது. சொந்த விளையே நல்லது.

தக்கலைவாசி எழுதியது:

நேற்று பிப்ரவரி 15. இரவு 8.30-க்கு நான் இங்கே, மகன் அங்கே. என் திரையில் கூடையில் போட்ட இடம் பணம் செலுத்தும்போது கைநழுவிப் போய்விட்டது. மகனுக்கு ஜூன் 20, 21 ஆகிய இரண்டு இரவுகளும் கிடைத்துவிட்டன. அந்த இடத்தின் அதிகபட்ச நீளம் 30 அடி. எண்ணைத் திறந்து இருவரும் தனித்தனியாகப் படித்துவிட்டோம். டிரெய்லர் வில்லேஜில் முழு ஹூக்கப்புடன் புல் த்ரூ இடம் இரண்டு இரவுக்குப் பதிந்தாயிற்று. ஸயனில் உள்ளே கிடைக்கவில்லை, வெளியே ஒரு தனியார் முகாமில் எடுத்தோம். புதிய பாதையில் 300 மைலைத் தாண்டும் நாள் ஒன்றுகூட இல்லை. யோசெமிட்டிக்கும் லாஸ் வேகாஸுக்கும் இடையே இரண்டு இரவுகள் மட்டும் இன்னும் காலியாக இருக்கின்றன. முட்டம் தம்பி அதற்கு வழி சொல்ல வேண்டும்.

முட்டம் கரை எழுதியது:

மிகவும் மகிழ்ச்சி அண்ணாச்சி. அந்த இரண்டு இரவுகளுக்கு இப்போதைக்கு இரண்டு வழியிலும் இடம் பிடித்து வையுங்கள். யோசெமிட்டியிலிருந்து கிழக்கே இறங்கும் டியோகா கணவாய் 9,943 அடி உயரத்தில் இருக்கிறது. பனி மிகுந்த ஆண்டுகளில் ஜூன் பிற்பாதியிலும் திறக்காமல் இருந்திருக்கிறது. திறந்திருந்தால் இறங்கி 395-ஆம் சாலையில் பிஷப் அல்லது லோன் பைன் ஊரில் தங்கலாம். அடைத்திருந்தால் தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு, டெகாச்சாபி வழியாகச் சுற்ற வேண்டும். அந்தப் பக்கம் பேக்கர்ஸ்ஃபீல்டிலும் பார்ஸ்டோவிலும் தனியார் முகாம்கள் உண்டு. ரத்து செய்தால் பணம் திரும்பும் கடைசி நாளைப் பதிவின்போதே குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் டெத் வேலிப் பாலைவனத்துக்குள் இரவு வேண்டாம். கோடையில் வாடகை வண்டியை அங்கே கொண்டுபோகப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. டெகாச்சாபி கணவாய் நம் ஆரல்வாய்மொழி போன்றது. முப்பந்தலில் இருப்பது போலவே மலை நெடுகக் காற்றாலைகள் நிற்கும், பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். அந்தப் பாதையில் போக நேர்ந்தால் காலையிலேயே கடந்துவிடும்படி முந்தைய இரவைப் பேக்கர்ஸ்ஃபீல்டில் வையுங்கள்.